மொய்யில் எழுதிய கூடைக் கூலி

தம்பி,

நேற்று சாயங்காலம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் நின்றுபோனதே, டவர் போய்விட்டது என்றுதான் நினைத்திருப்பாய். டவரெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நான்தான் வைத்தேன். கோபத்தில் வைத்தேன். அப்புறம் நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. எடுத்தால், கல்யாணம் வைத்திருக்கிற பிள்ளையை வாய்க்கு வந்தபடி பேசிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. இத்தனைக்கும் நீ தப்பாக எதுவும் கேட்டுவிடவில்லை. அதுதான் என் கஷ்டமே.

நீ போனில் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்து சேர்ந்தது. அந்த இரண்டு மயிலும் அச்சு அசலாக விராலிமலை மயில் போலவே இருக்கிறது. உன் ஆபீஸ் நண்பன் கையால் வரைந்து கொடுத்தான் என்றாய். உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். கடைசி வரியில் ‘மொய், அன்பளிப்பு தவிர்க்கவும்’ என்று போட்டிருக்கிறாய். தை மாதம் நிச்சயதார்த்தத்தன்றே இதைச் சொல்லிவிட்டாய், அதனால் புதிதாக ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் நீ சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. “அம்மா, இங்க பெங்களூர்ல ஒரு கடையில ஒயர் கூடை பாத்தோம். அக்கா கல்யாணத்துக்கு இந்திராணி சின்னம்மா போட்டுக் குடுத்துச்சே, அதே சைஸு, அதே முடிச்சு. கைல செஞ்சதுன்னு அறுநூறு ரூபா போட்டிருக்கான். சின்னம்மாகிட்ட சொல்லி நமக்கும் முந்நூறு கூடை போடச் சொல்லும்மா. எவ்வளவு மிச்சம் பாரு!” என்றாய். அந்த ‘மிச்சம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் வைத்துவிட்டேன்.

போனில் நான் எதைச் சொன்னாலும் “சரிம்மா, புரியுதும்மா” என்று நீ முடித்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்த காலமெல்லாம் அரிசி, பருப்பு, முட்டைக் கணக்கு எழுதிய கை. இவ்வளவு நீளமாகச் சொந்த விஷயம் எழுதியதில்லை. உன் அப்பா ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கிளம்பும்போது, “எழுது எழுது, ஆனா பிள்ளையத் திட்டாத” என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டவில்லை. உன்னிடம் நியாயம் கேட்கிறேன். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

இந்திராணியை உனக்குத் தெரியும், ஆனால் சின்னம்மாவாகத்தான் தெரியும். எனக்கு அவள் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. கல்யாணமாகி இருவரும் பொன்னமராவதியிலேயே இரண்டு தெரு தள்ளி வந்து சேர்ந்தது எங்கள் அதிர்ஷ்டம். அவள் வீட்டுக்காரர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு பாரம் தூக்க முடியாமல் வீட்டோடு இருக்கிறார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு அவள் போடுகிற கூடைதான் சோறு. டிவியில் சீரியல் ஓடும், அதில் வருகிற மாமியார்க்காரியை இவள் திட்டிக்கொண்டே இருப்பாள், கை அதுபாட்டுக்கு நெல்லிக்காய் முடிச்சைப் போட்டு இறுக்கிக்கொண்டே போகும். இறுக்கி இறுக்கி ஆள்காட்டி விரலில் தோல் வெடித்து, அதில் பிளாஸ்திரி ஒட்டி, அந்தப் பிளாஸ்திரியோடே சோறு பிசைந்து சாப்பிடுவாள். கடைத்தெருவில் ஒரு கூடைக்கடைக்காரர் ஒயரைக் கொடுத்து, சின்னக் கூடைக்கு நாற்பது ரூபாய் கூலி தருகிறார். அவர் என்ன விலைக்கு விற்கிறார் என்று நாங்கள் கேட்டதில்லை.

நான் பேரம் பேசுவதை நீயும் அக்காவும் கேலி செய்வீர்களே, கலெக்டரே வந்தாலும் அம்மா பாதி விலைக்குத்தான் கேட்பாள் என்று. எனக்கு அதில் பெருமைதான். அக்கா கல்யாணத்துக்கு முந்தின வருஷம் தைப்பூசத்துக்கு நானும் இந்திராணியும் விராலிமலைக்குப் போயிருந்தோம். மலையடிவாரத்தில் ஒரு பொம்பளை ஒயர் கூடையைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றை எடுத்து விலை கேட்டேன். இருநூற்று ஐம்பது என்றாள். நான் நூறு என்றேன். “கட்டாதுங்கக்கா, ஒயரே அம்புட்டு வந்துருதுங்க” என்றாள். நான் விடுவேனா? இந்திராணியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, “இந்தா நிக்கிறாளே, இவளும் கூடை போடுறவதான். இவகிட்டயே கேளு, இது நூறு ரூவாய்க்கு மேல பெறுமான்னு” என்றேன். இந்திராணி தரையைப் பார்த்தாள். “எனக்குத் தெரியாது புள்ள, வா போவோம்” என்றாள். கடைசியில் நூற்று முப்பதுக்கு முடித்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தக் கூடையை மடியில் வைத்து ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். “நல்லாப் போட்டுருக்கா” என்று மட்டும் சொன்னாள். வெயிலில் நின்றதில் தலைவலி போலிருக்கிறது, அதுதான் பேசாமல் வருகிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் அக்கா கல்யாணம். தாம்பூலப் பைக்குப் பதிலாகச் சின்ன ஒயர் கூடையில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டவள் உன் அக்காதான். இந்திராணியிடம் போய்ச் சொன்னேன். இருநூறு கூடை. “எவ்வளவுடி ஆகும்?” என்று கேட்டேன். “போடி இவளே, எம்மககிட்டக் காசு வாங்குறதா? ஒயர மட்டும் நீ வாங்கிக் குடு” என்றாள். நானும் ரொம்ப வற்புறுத்தவில்லை. கல்யாணச் செலவில் அங்கே இங்கே இடித்துக்கொண்டிருந்த நேரம், ஒரு செலவு குறைந்ததே என்றுதான் மனசு போனது. இரண்டு மாசத்துக்கு மேல் போட்டாள். கடைக்காரருக்குப் போட வேண்டியதை எல்லாம் தள்ளிவைத்துவிட்டுப் போட்டாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் தட்டில் வெற்றிலை பாக்கு, பட்டுச்சேலை, அதன்மேல் ஒரு கவர் வைத்துக் கொண்டுபோனேன். சேலையை எடுத்துக்கொண்டாள். கவரைத் திருப்பி என் இடுப்பில் செருகிவிட்டாள். “இது நாஞ் செய்யிற சீரு. சீருக்குக் கூலி வாங்குவாகளா?” என்றாள். அழுதுவிட்டேன். அந்த அழுகையில் பாதி சந்தோஷம், பாதி எப்படித் தீர்ப்பது என்ற பாரம்.

கல்யாணத்தில் யாரும் சாம்பாரைப் பற்றிப் பேசவில்லை, கூடையைப் பற்றித்தான் பேசினார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் எவ்வளவு, எவ்வளவு என்று கேட்டார்கள். நான் நிமிர்ந்து நின்று, “காசா? எங் கூட்டாளி சும்மா போட்டுக் குடுத்தா” என்று மண்டபம் முழுக்கச் சொன்னேன். அவளை உயர்த்திப் பேசுகிறோம் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாசமே நம் சொந்தக்காரர்கள் இரண்டு வீட்டில் அவளிடம் கூடை கேட்டுப் போயிருக்கிறார்கள். அவள் ஒரு விலை சொல்ல, “என்ன இம்புட்டுச் சொல்றீக? அவுகளுக்குச் சும்மாவே குடுத்தீகளாமே, எங்களுக்கு ஒரு அம்பது ரூவா போட்டுக்கங்க” என்றிருக்கிறார்கள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. கேட்டுப் போனவர்களே வந்து என்னிடம் குறை சொன்னார்கள், உன் கூட்டாளி எங்களுக்கு மட்டும் விலை சொல்கிறாளே என்று. ஊரில் அவள் கூடைக்கு இருந்த கொஞ்சநஞ்ச விலையையும் இறக்கிவிட்டவள் நான்தான். அவளைப் புகழ்ந்தே இறக்கிவிட்டேன்.

அதற்குப் பரிகாரமாக ஒன்று செய்தேன். அது இன்னும் பெரிய வினையாகிவிட்டது. நீ அப்போது லீவு கிடைக்காமல் வீடியோ காலில் எட்டிப் பார்த்துவிட்டு வைத்தவன், உனக்குத் தெரியாது. போன வருஷம் தையில் இந்திராணி ஓட்டு வீட்டை இடித்துவிட்டுச் சின்னதாக ஒரு மாடி வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். சிமெண்ட் கடையிலும் கம்பிக் கடையிலும் பாக்கி இருந்தது எனக்குத் தெரியும். இதுதான் சமயம் என்று நினைத்தேன். நேரில் கொடுத்தால் வாங்க மாட்டாள், மொய்யாக எழுதிவிட்டால் மறுக்க முடியாது இல்லையா? கூடைக்கு நூறு ரூபாய் என்று போட்டேன். கடைக்காரர் நாற்பது தருகிறார், நான் நூறு தருகிறேன் என்று எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று. இருபதாயிரம். உன் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் சீட்டு எடுத்த பணத்தைக் கொண்டுபோய் மொய் எழுதுகிற மேசையில் வைத்தேன்.

நம் பக்கத்து வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, மொய் வைத்தால் மைக்கில் சொல்வார்கள். ஐநூறு, ஆயிரம், ஐநூறு என்று போய்க்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் உன் அப்பா பேரையும் கடைப் பேரையும் சொல்லி, “ரூபாய் இருபதாயிரம்” என்றார்கள். பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். இந்திராணி பாயசத் தூக்கோடு அப்படியே நின்றாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து, “என்ன புள்ள, இப்புடிப் பண்ணிட்ட” என்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து ஆட்டினேன், தம்பி. எனக்கு எவ்வளவு புத்தி பார்.

நீ மொய் வேண்டாம் என்று சொல்கிறவன், அதனால் உனக்கு இதை விளக்கியாக வேண்டும். மொய் சும்மா கொடுக்கிற பணம் இல்லை. நம் வீட்டு விசேஷத்தில் ஒருத்தர் வைத்ததை, அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பி வைக்க வேண்டும். அப்படியே வைத்தால் போதாது, மேலே ஐநூறோ ஆயிரமோ சேர்த்து வைப்பதுதான் முறை. வைக்காவிட்டால் கோர்ட்டுக்கு எல்லாம் போக மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டு ஆள் தெருவில் நடக்கும்போது, இருபதாயிரம் வாங்கி முழுங்கினவன் போகிறான் என்று நாலு பேர் பேசுவார்கள். கடனைத் தீர்க்கிறேன் என்று போன நான், அவள் தலையில் ஒரு கடனைக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். இது எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை. நான் மனசுக்குள் அதைக் கூடைக் கூலி என்று எழுதிக்கொண்டேன். ஊர் அதை மொய் என்று கேட்டது.

உறைத்ததும் அவள் வீட்டுக்கு ஓடினேன். “அடியே, அது மொய் இல்லடி, கூடைக்குக் குடுத்தது. நீ திருப்பவே வேணாம்” என்றேன். அவள் கையில் இருந்த ஒயரைக் கீழே வைக்காமலே, “மைக்குல கூடைன்னா சொன்னாக? மொய்யினுதான சொன்னாக” என்றாள். “நான் சொல்றேன்ல, எனக்கு வேணாம்னு.” “ஒனக்கு வேணாம். எம் வீட்டுக்காரருக்கு ஊருக்குள்ள நடக்க வேணாமா?” அந்தப் பணம் ஏற்கெனவே சிமெண்ட் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, உடனே திருப்பவும் வழி இல்லை. திருப்பினாலும் விசேஷம் இல்லாமல் எப்படித் திருப்புவது?

அப்போதிருந்து அவள் மாறிவிட்டாள். கடைக்காரரிடம் இரண்டு மடங்கு ஒயர் வாங்கிப் போட ஆரம்பித்தாள். மாசச் சீட்டில் சேர்ந்தாள். சாயங்காலம் இருவரும் சிவன் கோயில்வரைக்கும் நடந்துவிட்டு வருவோமே, அது நின்றது. நான் போனால், “வாங்க, உக்காருங்க” என்றாள். என்னை! நாற்பது வருஷமாக ‘வாடி’ என்று கூப்பிட்ட வாய். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் மரியாதை. அவள் கூப்பிட்டால் என்னை வாசலிலேயே நிறுத்திவைத்த மாதிரி இருக்கிறது. ராத்திரி சாப்பிடும்போது உன் அப்பாவிடம் சொல்லிப் புலம்புவேன். அவர், “நீ குடுத்த காசு, நீ குடுத்த தலைவலி” என்பார். அவருக்கென்ன, கடையில் போய் உட்கார்ந்துகொள்வார்.

அதனால்தான் நிச்சயதார்த்தத்தில் நீ எழுந்து நின்று “எங்க கல்யாணத்துல மொய் கிடையாது” என்றபோது, பெரியப்பா, மாமா எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, எனக்கு மட்டும் உன்னைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மறுநாளே இந்திராணியிடம் ஓடினேன். “எம் மகன் மொய்யே வேணாம்னுட்டான். விட்டுச்சுடி ஒனக்கு” என்றேன். அவள் முகம் மலரும் என்று பார்த்தேன். சுண்டிப்போயிற்று. ‘வாங்க, போங்க’வை எல்லாம் மறந்து கேட்டாள்: “அப்ப நான் எப்பத் திருப்புறது? மக கல்யாணம் முடிஞ்சுச்சு. மகனுக்கு இது. நாளைக்குக் காதுகுத்துன்னாலும் ஒம் மகன் மொய் வேணாம்னுதான் சொல்லுவான், இதுக்குப் பெறகு ஒன் வீட்டுல என்ன விசேஷம் இருக்கு? நீ செத்தாத்தான் இனி விசேஷம். அதுக்கா கொண்டாந்து வைக்கச் சொல்ற?” நான் திரும்பி வந்துவிட்டேன். நீ மொய் வாங்கினாலும் அவளுக்குக் கஷ்டம், வாங்காவிட்டாலும் கஷ்டம். உன் கொள்கை நல்ல கொள்கைதான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களின் கதவை அது அடைத்துவிடுகிறது என்று உங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அதுவரைக்கும் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து அவளே வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, உனக்கு வரப்போகிற பெண்ணுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டாள். மொய்க்குப் பதிலாகச் சேலை எடுக்கப் போகிறாள் போலிருக்கிறது, போகட்டும், ஒரு சேலையோடு முடிந்தால் சரி என்று நினைத்துக்கொண்டு, ஊதாவும் சந்தனக் கலரும் என்றேன். “சரி” என்று போனாள். அதோடு அந்தப் பேச்சை மறந்தே போனேன். நேற்று நீ கூடை என்று ஆரம்பித்தபோது எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று இப்போது புரிகிறதா? பட்ட புண்ணிலேயே நீ கையை வைத்தாய், அதுவும் சிரித்துக்கொண்டே வைத்தாய்.

இன்றைக்குக் காலையில் நடந்ததைத்தான் எழுத முடியாமல் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன். இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. முன்னால் டிரைவர் பக்கத்தில் இந்திராணி. பின்னால் தார்ப்பாயை விலக்கினால், ஊதாவும் சந்தனமுமாகக் கூடைகள், ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கி வைத்திருந்தாள். முந்நூறு. நான் கேட்கவே இல்லை, நீயும் நேற்றுத்தான் என்னிடம் சொன்னாய். உன் அக்கா தையிலேயே அவளிடம் போனில், “தம்பி கல்யாணத்துக்கும் ஒரு முந்நூறு கூடை குடுத்தா நல்லாருக்கும் சின்னம்மா” என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். இவள் சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்து, ஒயர் வாங்கி, கடைக்காரர் வேலை போக மிச்ச நேரத்தில் எல்லாம் போட்டிருக்கிறாள். டிரைவரும் அவளும் சேர்ந்து உன் ரூமில் இறக்கினார்கள். கட்டில் தெரியவில்லை. நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

“என்னடி இது?” என்றேன். “திருப்புமொய்” என்றாள். “ஒம் மகன் காசா வாங்க மாட்டான், கூடையா வாங்கிக்கட்டும். ஒயருக்கும் கடைக் கூலிக்கும் கணக்குப் போட்டுட்டேன். நீ வச்சதும் வந்துருச்சு, மேல ஐநூறும் வந்துருச்சு. எம் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன், முடிஞ்சுச்சுன்னு.” நான் உடனே பீரோவைத் திறக்கப் போனேன். நீ எவ்வளவு சொன்னாலும் தருகிறேன், இதற்காவது ஒரு விலை சொல்லு என்றேன். “மொய்க்கு வெலை கேப்பாகளா? உக்காருடி” என்று அதட்டினாள். அப்புறம் உன் அப்பாவின் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, “ஏ புள்ள, காப்பி போடு, சர்க்கரை தூக்கலா” என்றாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு ‘ஏ புள்ள’ என்றாள், தம்பி. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவளுக்குப் பாரம் இறங்கிவிட்டது. அது அப்படியே என்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அவள் தன் கூடைக்குப் போட்ட விலை என்ன தெரியுமா? அதே நாற்பது ரூபாய். நான் நூறு போட்டதைத் திருப்புவதற்குத் தன் கையை நாற்பதுக்குக் கணக்குப் பண்ணியிருக்கிறாள். இதைச் சுட்டிக்காட்டினால் மறுபடியும் ‘வாங்க’ என்பாள். அதனால் வாயை மூடிக்கொண்டு காப்பி போட்டேன்.

தம்ளரைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தேன். மூன்று விரலில் பிளாஸ்திரி. மனசு கேட்கவில்லை. “ஏண்டி, மொதத் தடவையே ஒரு வெலை சொல்லியிருந்தீன்னா நமக்குள்ள இம்புட்டு வந்துருக்குமா? வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?” என்று கேட்டேன். அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்:

“சொல்லியிருந்தா நீ கொறைச்சுக் கேட்டிருப்ப.”

“கேட்டா என்ன? கட்டாதுன்னு சொல்றது!”

“நான் சொல்லிருவேன். ஆனா நீ கேட்டுட்டேன்னா, அதுக்குப் பெறகு நீ எனக்கு யாரு? விராலிமலையில அந்தப் பொம்பளைக்கு யாரோ, அதுதான எனக்கும்? அதுக்குச் சும்மாவே குடுத்துட்டுப் போறேன்னு இருந்துட்டேன்.”

இல்லை, உன்னிடம் அப்படிக் கேட்டிருக்கவே மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. ஏனென்றால் கேட்டிருப்பேன். நீங்கள் கேலி செய்கிற அதே வாய்தானே எனக்கு. அவள் சொன்ன விலையில் பாதியைச் சொல்லிவிட்டு, முடித்த பிறகு உன் அப்பாவிடம் பெருமை அடித்திருப்பேன். அவள் காப்பியைக் குடித்துவிட்டு, தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு, சாயங்காலம் கோயிலுக்குப் போவோம், ரெடியாக இரு என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் உன் ரூமில் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதைத் திருப்பிக் கொடுக்க முடியாது, காசு கொடுக்க முடியாது, பேசாமல் வாங்கிக்கொள்ளவும் மனசு வரவில்லை. உனக்கு ஏதாவது வழி தெரிந்தால் சொல்லு. படித்தவன் நீ, எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

உனக்குப் புத்தி சொல்கிற நிலைமையில் நான் இல்லை. ஆனாலும் அம்மா என்பதால் ஒன்று கேட்கிறேன். அந்த மயிலை வரைந்து கொடுத்த பையனிடம் விலை கேட்டாயா? நண்பன்தானே, காசு வாங்க மாட்டான் என்று இருந்துவிடாதே. இன்றைக்கே கேளு. அவன் ஒரு தொகை சொன்னால், அதை அப்படியே கொடு. ஒரு ரூபாய் குறைக்காதே, சிரித்துக்கொண்டுகூடக் குறைக்காதே. வேண்டாம் என்று சொன்னால், ஏன் வேண்டாம் என்கிறான் என்று யோசித்துப் பார். பாசத்தால் சொல்கிறவனும் உண்டு, உன் வாய்க்குப் பயந்து சொல்கிறவனும் உண்டு. எது எதுவென்று எனக்கு இத்தனை வருஷம் பழகியும் தெரியவில்லை. பணத்தை விருந்து, சீர், பரிசு என்று வேறு பேரில் சுற்றிக் கொடுக்காதே. கூலி என்றால் கூலி என்று சொல்லிக் கொடு.

கல்யாணத்தன்று தாம்பூலம் கொடுக்கிற இடத்தில் நீதான் நிற்க வேண்டும், அக்காவை நிறுத்தாதே. கூடையைக் கையில் வாங்கின உடனே எவ்வளவு என்று கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். சும்மா கிடைத்தது என்று சொல்லாதே. பெங்களூரில் பார்த்தாயே, அறுநூறு, அதைச் சொல்லு. இந்திராணி சின்னம்மா கூடை அறுநூறு ரூபாய் என்று, பந்திவரைக்கும் கேட்கிற மாதிரி, அவள் காதில் விழுகிற மாதிரிச் சொல்லு. அந்த நேரம் நான் பக்கத்தில் நின்றால், ஏதாவது வேலை சொல்லி என்னைச் சமையல் பக்கம் அனுப்பிவிடு. அறுநூறா என்று என் வாய் தன்னை அறியாமல் கேட்டுவிடும்.

உன் அம்மா